மிருதங்கத்தின் பக்கம்

பாலாநகர் தொழிற்சாலையில் அவருக்கு தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை, எனக்கு ஸ்டோர்ஸில். ஒல்லியான, நெடிய மனிதர். செகந்திராபாத்தில் ராமநவமிக் கச்சேரிகள் நடக்கும் நாட்களில் காக்கிச் சட்டையோடு நேரே வந்து, வயலின்காரருக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். வயலின் மேல் ஸ்தாயிக்கு ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு இரண்டு வருடம் அவரைக் கச்சேரியில் காணவில்லை. மூன்றாம் வருடம் வந்தவர் மிருதங்கத்தின் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் அருகில் அமர்ந்து, "என்ன சார், கட்சி மாறிட்டீங்களா?" என்று கேலியாகக் கேட்டேன். என் உதடுகளையே உற்றுப் பார்த்தவர் சிரித்தார்.

"ஹவ் சார், ஆமா, மாறிட்டேன். மிஷின் சத்தத்துல காது போயிட்டுது. வயலின் மேல போச்சுன்னா வில்லு ஆடறது மட்டும்தான் தெரியுது. வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். பாட்டே நக்கோ, வேண்டவே வேண்டாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"ஒரு கல்யாணத்துல தவில் வாசிச்சாங்க. நெஞ்சுல வந்து தட்டுச்சு. அன்னைக்குதான் வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட சிரிச்சுப் பேசினேன். முன்னெல்லாம் தாளம்னா எனக்கு வெறும் சத்தம் சார். இப்ப அதுலதான் எனக்கு எல்லாமே இருக்கு."

அப்போது வயலின் தனியாக மேலே எழுந்தது. கூட்டம் அசையாமல் இருந்தது. அவர் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எப்படி இருக்கு சார்?"

நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தேன்.

"அப்ப என்னோட பேசாதீங்க. கேளுங்க."

அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று கேட்டதுபோல் நான் அதற்கு முன் வயலினைக் கேட்டதே இல்லை.