காதுக்கு மேல் ஏறாத கை

யோகா வகுப்புக்கு வெளியே மற்றவர்கள் கழற்றி விட்ட செருப்புகளில் ஒன்றைக் கால் கட்டைவிரலால் புரட்டிப் போட்டு, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அவர். யாராவது வந்துவிட்டால் தன் செருப்பைத் தேடுவது போல் ஒரு பாவனை. "நிஜமா நொண்டுறவன் செருப்பு ஒரு பக்கமாத்தான் தேயும். ரெண்டும் ஒண்ணுபோலத் தேஞ்சிருந்தா ஆளு நடிக்கிறான்" என்பது அவர் கட்சி.

விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்டுவிட்டது என்று வருகிறவருக்கு நிஜமாகவே அடிபட்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கழுத்துப் பட்டையோடு அலுவலகத்துக்கு வந்து அழுத ஒருவர், சாயங்காலம் கூரையில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியதைப் படம் பிடித்தவர் இவர். வேலைக்குத்தான் ஓய்வு, சந்தேகத்துக்கு இல்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட "அடுப்பைக் கூட்டி வெச்சது யாரு?" என்று விசாரணை தொடங்கிவிடும். "எங்க கல்யாண போட்டோவைப் பாருங்க. போட்டோ எடுக்கிறவரை முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறார்" என்பார் மனைவி. அந்த மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் இவர் யோகா வகுப்பில் சேர்ந்தார்.

அது மூன்று தளக் கட்டடம். மேல் மாடியில் தலைகீழாக நிற்கத் தெரிந்தவர்கள். நடு மாடியில் புதிதாகக் கற்கிறவர்கள். கீழ்த்தளத்தில் முட்டி, முதுகு, தோள் என்று ஏதாவது ஒன்று மக்கர் பண்ணுகிறவர்களுக்கு நாற்காலி வகுப்பு. இவர் நேராக நடு மாடிக்கு ஏறினார். ஆசிரியை சின்ன வயசுப் பெண். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கச் சொன்னாள். "சார், நீங்க கீழ நாற்காலி வகுப்புக்கு வந்துடுங்க" என்றாள்.

"வயசைப் பாத்து ஓரங்கட்டுறா" என்று வீட்டில் பொருமினார். அவள் எதைக் கண்டுபிடித்தாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச காலமாகத் தலையைத் திருப்பினால் அறை கூடவே திரும்புகிறது. அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. தலைசுற்றல் என்று வந்தவர்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. எந்தப் படத்திலும் தெரியாத நோய், சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய பொய் என்பது அவர் எண்ணம்.

நாற்காலி வகுப்பில் அவர் கண் உடனே விழுந்தது பக்கத்து நாற்காலிக்காரர் மேல். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வலது தோள் இறுகிப் போனதாம், கையைத் தூக்கினால் காதோடு நின்றுவிடுகிறது. "அதுக்கு மேல ஏற மாட்டேங்குதுண்ணே" என்று சிரித்தார். வலிக்கிறவன் சிரிப்பானா? இவர் தன் துண்டை வேண்டுமென்றே அவருடைய வலப்பக்கம் தவறவிட்டுப் பார்த்தார். டிரைவர் உடம்பைத் திருப்பி இடது கையால் எடுத்துக் கொடுத்தார். பலே கில்லாடி என்று இவர் குறித்துக்கொண்டார்.

ஒருநாள் எழுந்து நின்று, நாற்காலி முதுகைப் பிடித்தபடி பின்னால் திரும்பிப் பார்க்கும் பயிற்சி. திரும்பிய வேகத்தில் ஜன்னலும் சுவரும் ஓட ஆரம்பித்தன. சரிந்தவரின் முதுகில் ஒரு கை அணைபோல் வந்து நின்றது. டிரைவர்.

"கால் வழுக்கிடுச்சு" என்றார் இவர்.

"ஆமாண்ணே, தரை வழவழன்னுதான் இருக்கு" என்றார் டிரைவர்.

தரை முழுக்கச் சொரசொரப்பான விரிப்பு. ஈ கூட வழுக்காது. அது தெரிந்தும் ஒருவன் ஆமாம் போடுகிறான் என்றால், அவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது! வீடு போகும் வரை அதே யோசனை. தாங்கியது இடது கையா வலது கையா என்று கவனிக்கத் தவறியது வேறு அவரைக் குடைந்தது.

ஆதாரம் தானாக வந்து மாட்டியது. மருந்து வாங்கப் போனவர் எதிர்ச்சாரியில் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தன் மகளின் பேப்பர் கடையை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி ஷட்டரைப் பிடித்து, ஒரே இழுப்பில் தரைவரை இறக்கினார். இவருக்கு மருந்து வாங்க வந்ததே மறந்துபோயிற்று.

அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாகப் போனார். ஆசிரியை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒருத்தர் உங்களை ஏமாத்துறார். அந்த டிரைவருக்குத் தோள்ல ஒண்ணும் இல்ல. ஷட்டரை இழுத்து மூடினதை என் கண்ணால பாத்தேன்."

"தெரியும் சார். அவருக்கு எப்பவோ சரியாயிடுச்சு. நடு மாடிக்குப் போங்கன்னு நானே சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் நடிக்கிறார்? அவருக்கு என்ன லாபம்?"

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நீங்க தடுமாறினீங்கல்ல, சார். மறுபடி அப்படி ஆச்சுன்னா பக்கத்துல பிடிக்க ஆள் வேணும்னார். இதைச் சொன்னா நீங்க வகுப்புக்கே வர மாட்டீங்க, தோள் வலின்னே இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

அவர் வந்த வழியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். யாருக்கு லாபம் என்று கேட்டுக் கேட்டே ஒரு வாழ்நாளை ஓட்டியவருக்கு, இந்த விடை தொண்டையில் இறங்கவில்லை. டிரைவர் பிற்பாடு ஏதாவது கேட்பாரோ? கடைக்கு ஆள் பிடிக்கிறாரோ? எந்தப் பக்கம் புரட்டினாலும் நூல் கிடைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, "எனக்குத் தலை சுத்துது" என்றார் மனைவியிடம்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றார் அவர் சாதத்தைப் போட்டபடி. "சுவத்துல உங்க கை ரேகையைத் துடைச்சுத் துடைச்சு எனக்குக் கை ஓஞ்சு போச்சு. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், வகுப்பை விட வேண்டாம் என்றார். இவர் மறுபடியும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் டிரைவர்.

"கையை மேல தூக்குங்க" என்றாள் ஆசிரியை. டிரைவரின் வலது கை காதுவரை போய் நின்றது. முகம் வேறு சுளித்தது. நடிப்பு சுமார்தான்.

"இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார் இவர்.

"எங்கண்ணே, ஏறவே மாட்டேங்குது."

இவர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியிலிருந்து சாய்ந்து, டிரைவரின் முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். "பாத்து, மெதுவா" என்று, நோகும் கையைத் தூக்குவது போலவே அங்குலம் அங்குலமாக மேலே உயர்த்தினார்.