பேட்டரியைக் கழற்றியும் வெடித்த ஏர்பேக்

இன்று காலை போடியில், தங்கை வீட்டு வாசலில் நடந்தது.

மாப்பிள்ளையின் காரில் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் இல்லாமல் போடிமெட்டு வளைவுகளில் ஏற முடியாது என்று, ஸ்டியரிங்கைக் கழற்ற அவரே ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, அதுக்குள்ள ஏர்பேக் இருக்கு. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவோம்" என்றேன்.

"பேட்டரி வயரை இப்பத்தான் கழட்டிவிட்டேன் மச்சான். எஸ்டேட்டுல சோலி கெடக்கு, வெரசா முடிச்சுட்டுப் போறேன்" என்றார்.

வயரைக் கழற்றினாலும் உள்ளே கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

குனிந்து எதையோ நெம்பினார். வேட்டுப் போட்டதுபோல் சத்தம். புகைக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் இடது கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"நீங்க பக்கத்துலதானண்ணே நின்னீங்க?" என்று தங்கை கேட்டாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை கண் விழித்து மெதுவாகக் கேட்டார்: "உசுரக் காப்பாத்தத்தான மச்சான் அதை உள்ள வச்சிருக்காங்க?"

உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள், அவரிடம் சொல்கிறேன்.