கடலில் வந்து இறங்கியவர்கள்

பாலமுனைக்குப் பக்கத்தில் எங்கள் பஸ்சின் டயருக்குக் காற்றுப் போய்விடுகிறது. அதை மாற்றும்வரை வீதியோரச் சாப்பாட்டுக் கடையில் உட்காருகிறேன். கடையை நடத்தும் பெண் ரொட்டி தட்டிக்கொண்டே டீவியைப் பார்க்கிறார். சில நாள் வேலையாக விண்வெளி நிலையத்துக்குப் போய், கலம் பழுதானதால் மாதக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தவர்கள் இன்று வேறொரு கலத்தில் திரும்புவதை நேரலையாகக் காட்டுகிறார்கள்.

கலம் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்ததும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அவர் கை மாவிலேயே நிற்கிறது.

"ஒருத்தரும் கதைக்கிறாங்க இல்லையே தம்பி?"

"சூடு கூடினா கொஞ்ச நேரம் அப்பிடித்தான் ராத்தா. பிறகு கதைப்பாங்க."

கடையில் யாரும் சாப்பிடவில்லை. பிறகு கலத்திலிருந்து ஒரு குரல் கரகரப்பாகக் கேட்கிறது. பெரிய பரசூட்டுகள் விரிகின்றன. கலம் கடலில் வந்து மெல்ல இறங்குகிறது.

"அல்ஹம்துலில்லாஹ்!" அவர் நீளமாக மூச்சு விடுகிறார். "நானும் சவூதில இப்பிடித்தான் மாட்டுப்பட்டுக் கிடந்தன் தம்பி. வேலைக்கு நிண்ட வீட்டால விடல்ல. ஒரு மாதிரி வந்து சேரக்குள்ள, என்ட மகள் என்னய ஆரெண்டு தெரியாம ஓடி ஒளிச்சிட்டாள். இவங்கட புள்ளயள் எப்பிடியோ?"

"இவங்க மேல இருந்து வீடியோவில புள்ளயளோட அடிக்கடி கதைச்சவங்களாம், ராத்தா."

"ஓமா?" அவர் முகம் தெளிகிறது. "அப்ப முகத்த மறந்திரிக்காதுகள். அது போதும்."

முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, எனக்கான ரொட்டியைக் கல்லில் போடுகிறார்.