அந்தோனியாருக்கு வைத்த சொக்லேட்

1. குழிக்குப் பக்கத்தில்

பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், என்றால் ஊரில் யாருக்கும் பிடிக்காது. என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தேநீர்க்கடைக்காரர் வடைக்கு மூடி தேடுவார். இப்போது நான் பென்சனில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஏதாவது அனுபவம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். கடைக்குச் சீல் வைத்த கதைகள் அவர்களுக்கே நிறைய இருக்கும். நான் ஒரு சொக்லேட்டின் கதையை எழுதுகிறேன்.

அன்று புதுக்குடியிருப்பில் ஒரு கடையில் பிடித்த காலாவதிச் சாமான்களை, கோர்ட் ஓடர் எடுத்து அழித்துக்கொண்டிருந்தோம். குழி வெட்டி, பிஸ்கற், பால்மா, வெளிநாட்டுச் சொக்லேட் எல்லாவற்றையும் கொட்டினோம். சனம் கூடி நின்று பார்த்தது. கடைக்காரர் விடவில்லை.

"சேர், சொக்லேட் என்ன மீன்கறியே, ஊசிப்போறதுக்கு? திகதி இப்பதானே முடிஞ்சது!"

"கடையில வச்சு வித்தால் திகதிதான் அண்ணை சட்டம். உங்கட வீட்டில வச்சுத் தின்னுறதெண்டால் நான் ஏன் வாறன்?"

கூட்டத்தில் நின்ற ஒரு அம்மா மட்டும் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ சொந்தக்காரரைப் புதைக்கிறோம் என்று நினைக்கிற மாதிரி முகம். எனக்கு அப்போது காரணம் விளங்கவில்லை.

2. மணம்

அடுத்த கிழமை அந்த அம்மா எங்கள் ஒபிசுக்கு வந்தார். பெயர் யோசப்பின். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம். கணவர் களப்பில் இறால் பிடிப்பவர். கதிரையில் இருந்தும் மடியில் இருந்த பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், பாத்திட்டுத் திருப்பித் தருவீங்களோ? குழியில போடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"கந்தோரில வந்து உத்தியோகத்தரிட்டச் சத்தியம் கேக்கிற ஆள் நீங்கள்தான் அக்கா. தருவன், எடுங்கோ."

ஒரு சொக்லேட் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். மகன் அன்ரன் இத்தாலிக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய பெட்டி. அனுப்பிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. விசா சரிவராததால் அவரால் ஊருக்கு வர முடியவில்லை. இப்போது சரிவந்து, அடுத்த மாதம் வருகிறார்.

"அவன் வந்து எனக்குப் பக்கத்தில இருந்து தின்னுமட்டும் நான் வாயில வைக்கமாட்டன் எண்டு நேந்தனான். நேற்று ஒண்டைப் பிரிச்சுப் பாத்தன். வெள்ளையாக் கிடக்கு. பூஞ்சணம் பிடிச்சிட்டுதோ சேர்? பிள்ளைக்கு நஞ்சாப் போகுமோ?"

பிரித்திருந்த கட்டியை எடுத்து விரலால் தேய்த்தேன். வெள்ளை மறைந்து கறுப்புத் தெரிந்தது. பூஞ்சணம் என்றால் பஞ்சு மாதிரி முளைத்து நிற்கும். இது வன்னி வெயிலில் இளகி, திரும்ப இறுகும்போது மேலே வந்த கொழுப்பு.

"இது சொக்லேட்டின்ர சொந்தக் கொழுப்பு அக்கா. ருசி கொஞ்சம் குறையும், வேற பயமில்லை."

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மணந்து பார்க்காமல் எதையும் விடுவது என் பழக்கமில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சேலைக்குப் போடும் பூச்சி உருண்டை மணம் குப்பென்று அடித்தது.

"இதை எங்க வச்சிருந்தனீங்கள்?"

"பிறிஜ்ஜுக்க வச்சால் இறால் மணக்கும்தானே. அதாலதான் அலுமாரிக்குள்ள, என்ர கோயில் சேலையளுக்கு நடுவில வச்சனான்."

"பூச்சி உருண்டை?"

"போடாமல் விடுவனே? நல்லாப் போட்டனான்."

கொழுப்பு எந்த மணத்தையும் குடித்துவிடும். அந்த உருண்டையின் ஆவியோ நஞ்சு. மற்றக் கட்டிகளையும் பிரித்து மணந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே மணம். சொல்லத்தான் வேண்டும், சொன்னேன்.

"இதை நீங்களும் தின்னாதேங்கோ, மகனுக்கும் குடுக்காதேங்கோ."

அவர் அழவில்லை. பெட்டியை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"திகதி முடிஞ்சு கெட்டிருந்தால் மனம் ஆறும் சேர். பாத்துப் பாத்து வச்சு நானே நஞ்சாக்கிப் போட்டன்."

பெட்டியை வாங்கித் திரும்பவும் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கட்டியின் இடம் காலியாக இருந்தது.

"ஒண்டு குறையுதே அக்கா?"

"அது அந்தோனியாற்ற. முதல் சம்பளமெல்லோ, முதல் பங்கு அவருக்கு. படத்துக்கு முன்னால வச்சிருக்கு."

"சும்மா திறந்தபடியோ?"

"எறும்பு வருமெண்டு தகர ரின்னுக்குள்ள போட்டு இறுக்கி மூடினனான்."

அப்படியென்றால் அதில் பூச்சி உருண்டை மணம் ஏறாமல் இருக்கலாம். அவரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். ஒரு சொக்லேட்டுக்காகப் பி.எச்.ஐ. வீடுதேடிப் போன கதை அந்த ஊரில் இன்னும் இருக்கிறது. ரின்னைத் திறந்தோம். கட்டி முழுக்க மா பூசிய மாதிரி வெள்ளை. ஆனால் மணம் சுத்தமான கொக்கோ மணம். உறையைத் திருப்பி, என்னென்ன சேர்த்தது என்று படித்துப் பார்த்தேன். பால் இல்லை, கச்சான் போன்ற பருப்புகளும் இல்லை. பால் சேர்ந்தது விரைவில் மணம் மாறும், பருப்பில் காறல் அடிக்கும். கறுப்புச் சொக்லேட்தான் நெடுங்காலம் தாங்கும். ஒரு ஓரத்தை முறித்தேன். டக்கென்று முறிந்தது. வாயில் போட்டேன். கரைய நேரம் எடுத்தது, வாசம் கொஞ்சம் மங்கல். மற்றப்படி குறையில்லை.

"தின்னலாம் அக்கா."

அவர் படத்தைப் பார்த்தார்.

"அவருக்குக் குடுத்ததை எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

"நான் சைவ சமயம். ஆனால் தொலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர் அந்தோனியார் எண்டு எனக்கும் தெரியும். உங்களுக்காகத்தான் பத்திரமா வச்சிருந்திருக்கிறார்."

அப்போதுதான் சிரித்தார். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அதன்பிறகு அவருக்கு நான் சேர் இல்லை.

3. இத்தாலிக்காரன்

அன்ரன் வந்த கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இறால் குழம்பு, கணவாய்ப் பொரியல். சாப்பிட்டு முடிய யோசப்பின் அக்கா ரின்னைக் கொண்டுவந்து மகனுக்கு முன்னால் வைத்தார். அன்ரன் ரின்னைத் திறந்து, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அண்டைக்கு அனுப்பினதோ அம்மா?"

"ஓமடா. உன்னோட இருந்து தின்னத்தான் வச்சிருந்தனான்."

"நானும் இதை இன்னும் தின்னேல்லை அம்மா. அப்ப உங்களுக்கு வாங்க மட்டும்தான் கையில காசு கிடந்தது. பிறகு வாங்க ஏலுமாயிருந்தும் மனம் வரேல்லை."

கட்டியை முறித்து முதல் துண்டைத் தாயின் வாயில் வைத்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த முகம் மெல்ல மெல்லக் கோணியது.

"ஐயோ, கைக்குதடா!"

கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தக் கசப்புக்கோ அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகிக்கொண்டு திரிஞ்சனி!"

அன்ரன் பதறிப்போய்க் கையை நீட்டினார். "கறுப்புச் சொக்லேட் அப்பிடித்தான் அம்மா. துப்புங்கோ."

"துப்புறதோ? விசரா உனக்கு?" கண்ணால் தண்ணீர் வழிய அவர் மென்று விழுங்கினார். "இன்னொரு துண்டு தா."

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது ஒரு அம்மா பெட்டியோடு வந்தால், திகதியைப் பாருங்கள், மணந்து பாருங்கள், எங்கே வைத்திருந்தவர் என்று கேளுங்கள். யார் தந்தது என்றும் கேளுங்கள். தின்னலாம் என்றால், இன்றைக்கே தின்னச் சொல்லி அனுப்புங்கள்.

அன்ரன் கொண்டுவந்த புதுப் பெட்டியை அக்கா அலுமாரிப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஒன்றை எடுத்து அந்தோனியாரின் ரின்னுக்குள் போட்டு இறுக்கி மூடிவிட்டு, மிச்சத்தை மேசையிலேயே பிரித்தார்.