திருக்கையின் வால்

நான் வரைந்த கோட்டில் பிழை பிடிக்க அந்தக் காலத்து மட்டக்களப்பில் ஆள் இல்லை என்று நம்பியிருந்தேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

கல்லடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் எங்கள் வாவி மீன்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். முதல் படம் தனக்குப் பிடித்தால் மற்றப் பதினொன்றும் எனக்கே என்றார். மீனின் உண்மை அளவில் படம் எத்தனை பங்கு என்று கீழே நான் எழுத வேண்டும். எழுதியதை அவர் மீனிலும் படத்திலும் அடிமட்டம் வைத்து அளந்து சரிபார்ப்பார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் மீன் திருக்கை. வாலில் முள் இருப்பதால் மீன்பிடிக்கிறவர்கள் தோணியிலேயே வாலை வெட்டி எறிந்துவிடுவார்கள். சந்தைக்கு மொட்டையாகத்தான் வரும். உடலை நாலில் ஒரு பங்காக வரைந்தேன். வாலுக்கு எங்கே போவது? தலைமையாசிரியரின் அறைக்கதவுக்குப் பின்னால், பிள்ளைகளை வெருட்டவென்று ஒரு திருக்கைவால் தொங்கியது. அதை அளந்து நாலில் ஒன்றாக்கி வரைந்து சேர்த்தேன்.

டாக்டர் உடலை அளந்து பார்த்துத் தலையசைத்தார். வாலையும் அளந்தாயா என்று கேட்டார். அளந்தேன் என்றேன். எதை அளந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொழும்பு அச்சகத்துக்கு ரயிலில் அனுப்பவென்று படத்தை வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மீன் கொண்டுவந்த தோணிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இந்த உடம்புக்கு இவ்வளவு பெரிய வாலா, மாஸ்டர்? இது கடல் திருக்கைட வால். வாவியில கிடக்கிறதுக்கு இதில பாதிதான் இருக்கும்."

வெட்கத்தில் முகம் சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் படம் போய்விடும், வேலையும் கிடைத்துவிடும். ஆனால் கீழே அளவை எழுதியது என் கை. டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் படத்தை வாங்கி ஓரமாக வைத்தார். பதினொன்றும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே கல்லடிப் பாலத்தால் நடந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தோணிக்காரர் முள்ளில் துணி சுற்றி, வால் வெட்டாத திருக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். புதிதாக வரைந்து கொண்டுபோனேன். டாக்டர் உடலையும் பார்த்தார், வாலையும் பார்த்தார். அடிமட்டத்தைத் தேடவில்லை. அடுத்த மீன் எது என்று கேட்டார்.

பதினொரு படங்கள் முடியும்வரை அந்த அடிமட்டம் மேசையின் இழுப்பு லாச்சியை விட்டு வெளியே வரவில்லை.