முற்றுப்புள்ளி வரைக்கும் மூச்சு

கீழே இருக்கும் விடைகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் எக்ஸ்பிரஸ் அக்கா கேள்வியைப் படிப்பார். வாக்கியம் ஆங்கிலம், நடுவே ஒரு கோடிட்ட இடம். ஆனால் அந்த இடத்துக்கு அவர் வாயில் முதலில் வந்து விழுவது தமிழ்தான். "சப்புன்னு! இங்க சப்புன்னுதான் வரணும்!" என்று சாப்பாட்டு மேசையைத் தட்டுவார். பிறகு விரலை மெல்ல நகர்த்துவார். அதே பொருள் தரும் 'இன்சிபிட்' என்ற சொல் எட்டிப் பார்த்ததும் வீடு அதிரும். "மாட்டினியா! எங்க ஓடப் பார்த்தே?" இந்தக் கூச்சலுக்கு இப்போதெல்லாம் பக்கத்து வீட்டில் யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. எக்ஸ்பிரஸ் என்ற பட்டம் அங்கே கிடைத்தது. "நேத்து படியில…" என்று யாராவது ஆரம்பித்தால், "வழுக்கிட்டீங்க, முட்டியில அடி, தெரியுது, படுங்க" என்று அவரே முடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஒருநாள் "தோள்ல…" என்று இழுத்தவரைச் சட்டையைக் கழற்ற வைத்து நிறுத்திவிட்டார். பாவம், அந்த மனிதர் சொல்ல வந்தது, "தோள்ல பைய மாட்டிக்கிட்டு எறங்கினேன், கால் பிசகிடுச்சு."

சொற்களில் அக்காவை யாரும் அசைக்க முடியாது. குளியலறைக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ் கதவு, ஹெல்மெட்டின் உள்பக்கம் என்று எங்கும் சொற்களை ஒட்டி வைத்திருக்கிறார். இருந்தும் மேற்படிப்புக்கான ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதியும், வேண்டிய மதிப்பெண் வரவில்லை. எல்லாம் அந்த அவசரத்தால்தான். 'அமைச்சரின் பேச்சு ______ இருந்தது' என்று பார்த்தவுடன் "அருமையா!" என்று பாய்ந்துவிடுவார். 'கேட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்' என்று வாக்கியம் அதற்கப்புறம்தான் தன் குணத்தைக் காட்டும். இந்த முறையும் தவறினால், மேற்படிப்புக்கு ஆஸ்பத்திரி தரும் விடுப்பு வேறொருவருக்குப் போய்விடும். படித்துப் பெரிய ஸ்கேன் எந்திரத்தின் முன் உட்கார வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சும் மாடிக்கு மாடி நின்றுதான் வரும். கல்யாணமான நாளிலிருந்து மனிதர் ஒரு வாக்கியத்தையும் சொந்தமாக முடித்ததில்லை என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். அவர்தான் ஒரு மாலை கேட்டார்.

"எக்ஸ்ரே ரூம்ல… எல்லார்கிட்டயும் நீ…"

"மூச்ச இழுத்துப் பிடிங்கன்னு சொல்றேன். அதுக்கென்ன இப்போ?"

"அதையே… நீயும் பண்ணு. முற்றுப்புள்ளி… வர்ற வரைக்கும்."

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கன்னம் உப்ப மூச்சை அடக்கி, கடைசிப் புள்ளி வரை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நீளமான வாக்கியம் வந்தால் முகம் சிவந்துவிடும். "படுபாவி, கமாவா போட்டுத் தள்ளியிருக்கான்! கேள்வி எடுக்கறானா, ஆளக் கொல்லப் பாக்கறானா?" திட்டிக்கொண்டே எழுதிய பயிற்சித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறியது. "மனசு கெடந்து குதிக்குதுங்க!" என்று காய் நறுக்கும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வு ஓர் அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியில். கடைசிக் கேள்வியை முடித்ததும் மதிப்பெண் திரையிலேயே வந்துவிடும். கணவர் கீழே கூடத்தில் இருப்புக்கொள்ளாமல் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லிஃப்ட் மெதுவாக வருவதாக அவருக்குப் பட்டது.

கதவு திறந்தது. மற்றவர்களை விலக்கிக்கொண்டு அக்கா ஓடி வந்தார்.

"நமக்கு…" என்று கணவர் தொடங்கினார். "நமக்கு வேண்டிய… மார்க்கு…"

அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினார். கண்ணில் நீர் முட்டியது, கால் தரையில் நிற்கவில்லை. வாயை மட்டும் திறக்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"…வந்துடுச்சா?" என்று கணவர் கேட்டு முடித்த பிறகுதான் அக்கா மூச்சை விட்டார்.