வெண்ணெய் இல்லாத கடை

என் வீட்டுக்காரனின் அக்கா கிஸ்லேன், நாங்கள் இருக்கும் லியோன் பக்கம் வந்தே பல வருஷம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. பிறந்தநாளுக்குப் போன் வரும், புது வருஷத்துக்கு வாழ்த்து வரும். வீட்டுக்கு வாங்க என்றால் மட்டும் ஏதாவது சாக்கு. பாதையில் பனி, பள்ளிக்கூட வண்டி ஓட்ட வேறு ஆள் இல்லை, பூனைக்கு உடம்பு சரியில்லை. உண்மையான காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணி வீகன், கறி மீன் மட்டுமில்லை, பால் முட்டைகூடத் தொடமாட்டார். அவருடைய தம்பி மார்செலின், அதாவது என் வீட்டுக்காரன், க்ருவா-ரூஸ் மேட்டில் பன்றிக்கறிக் கடை வைத்திருக்கிறான்.

அண்ணி பிறந்து வளர்ந்ததெல்லாம் கான்தால் மலையில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சீஸ் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நிலவறையில் வண்டிச் சக்கரம் போன்ற சீஸ்களைத் திருப்பி வைப்பதும், துணியால் தேய்த்துத் துடைப்பதும்தான் வேலை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினால் ஆம்பிளைகளுக்கே வலிக்கும். வீட்டை ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக் கொட்டகை. ஒவ்வொரு வசந்தத்திலும் கன்றுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், தாய்ப்பசுக்கள் கத்தும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் ஒரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு அவரால் படுத்திருக்க முடியவில்லை. ஏன் அந்த வருஷம் என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது. முதலில் கறியை விட்டார். பிறகு பாலை. பாலை விட்டபின் சீஸைத் துடைத்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டப் போனார்.

அந்த ஊரில் அப்படி ஒருத்தர் இருந்தால் சும்மா விடுவார்களா? "கிஸ்லேன், எங்க வயல்ல புல்லு நல்லா வந்திருக்கு, வந்து மேஞ்சுட்டுப் போறியா?" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கல்யாண வீட்டில் ரொட்டியும் கீரையும் மட்டும் தட்டில் இருக்கும். யாராவது கேட்டால் "பசிக்கல" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

போன நவம்பரில் ஈர இலையில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. மார்செலின் முழுப் பன்றியை எலும்பு எலும்பாகப் பிரிப்பான், ஒரு சட்டையைத் துவைக்கத் தெரியாது. அதுவும் கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவிகிற நேரம். நான் யாரையும் கூப்பிடவில்லை. போனில் விஷயம் கேட்ட அண்ணி, பள்ளி வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"பூனைக்கு உடம்பு சரியாயிடுச்சா அண்ணி?" என்றேன்.

"வாயை மூடு. உட்காரு. தலை வாரி விடறேன்."

வீடு அன்றே அவர் கைக்குப் போனது. எனக்குப் பொத்தான் மாட்டிவிட்டார், துணி மடித்தார், மார்செலினுக்குச் சாசேஜ் வறுத்துப் போட்டார், முட்டை பொரித்தார். தான் தொடாததை எங்களுக்கு முகம் சுளிக்காமல் சமைத்தார்.

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ஊர்லேர்ந்து பருப்பு கொண்டு வந்திருக்கேன்ல" என்பார்.

சனிக்கிழமை இருவரும் சந்தைக்குப் போய்விட்டு மேட்டுப் படிக்கட்டில் இறங்கி வந்தோம். இரண்டு பையையும் அவர்தான் தூக்கியிருந்தார். பாதிப் படியில் சுவரைப் பிடித்தார். என்ன அண்ணி என்று நான் கேட்பதற்குள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகம் வெள்ளையாகிவிட்டது. வெங்காயமெல்லாம் ஒவ்வொரு படியாக உருண்டு போயிற்று. ஒரு கை கட்டுப் போட்டிருக்க, மறு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு நான் கத்தினேன். என் மாமியார் இதே வயதில் இதயம் நின்று போனவர். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

படிக்கட்டின் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா ஓடி வந்தார். உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"காப்பி."

"நேத்து ராத்திரி?"

"ஒரு ஆப்பிள்."

"நேத்து மத்தியானம்?"

அண்ணி கூரையைப் பார்த்தார்.

"அம்மா, உங்க இதயம் என் இதயத்தை விட நல்லா அடிக்குது. உங்களுக்குப் பசி. அவ்வளவுதான். டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க, ஆனா முதல்ல போய்ச் சாப்பிடுங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. பிறகு கோபம் வந்தது. "பருப்பு என்னாச்சு?" என்றேன்.

"அது செவ்வாய்க்கிழமையே தீர்ந்து போச்சு. உன் அடுப்படி முழுக்க அவன் கறி. நடுவுல நான் எதுக்கு ஒரு சட்டியை வச்சுக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

நேராக மூலையில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். பரிமாறுகிறவர் நாற்பது வருஷ வேலைக்காரர் போலத் தோளில் துண்டோடு வந்தார்.

"கறி வேண்டாமா? சரி, மீன்?"

"மீனும் வேண்டாம்."

"முட்டை?"

"வேண்டாம்."

"சீஸ் போட்ட உருளைக்கிழங்கு? சூடா இருக்கு."

அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார். பரிமாறுகிறவர் பேனாவைக் காதில் செருகிவிட்டு, கட்டுப் போட்ட என்னைப் பார்த்து, "இவங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

கடைசியில் கீரைத்தழை வந்தது. மேலே பன்றிக்கறித் துணுக்குகள்.

"இது கறிதானே?" என்றேன்.

"அது கறி இல்லீங்க. வாசனைக்கு."

அண்ணி துணுக்குகளை ஒவ்வொன்றாக ஓரம் ஒதுக்க ஆரம்பித்தார். "பரவால்ல, எனக்கு ஒண்ணும் அவ்வளவா பசி..." என்று தொடங்கியதும் நான் எழுந்துவிட்டேன். "இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா நான் இங்கயே மயங்கி விழுவேன். எழுந்திருங்க."

தெருவில் பத்தடி போயிருப்போம், பின்னால் கூப்பிடும் சத்தம். அதே பரிமாறுகிறவர், துண்டோடு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. என் பொண்ணும் இப்படித்தான். அவகிட்டயும் நான் இதே மாதிரி பேசித்தான் வாங்கிக் கட்டிக்கிறேன். கீழ சரிவுல ஒரு பேக்கரி இருக்கு, நீலக் கதவு. அவ வந்தா அங்கதான் போவா."

நீலக் கதவைத் திறந்ததும் வந்தது சுட்ட மாவு வாசனைதான், மற்ற பேக்கரிகளைப் போலவே. கண்ணாடிக்குள் பிறை வடிவ குரோசான் அடுக்கு, சாக்லேட் வைத்த ரொட்டி, ஆப்பிள் வைத்துச் சுட்ட டார்ட், எங்கள் ஊரின் ரோஜா நிற பாதாம் டார்ட். முழங்கை வரை மாவோடு ஒரு பெண் வந்தாள். பெயர் ஃபொஸ்தின் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அண்ணி வழக்கமான கேள்வியை வழக்கமான தணிந்த குரலில் கேட்டார். "இதுல வெண்ணெய் போடாதது எதும்மா?"

"எதுலயுமே கிடையாதுங்க."

"இல்ல, பாலு..."

"பாலு, வெண்ணெய், முட்டை, எதுவும் எங்க கடைக்குள்ளயே வராது. எதை வேணா எடுங்க."

"எதை வேணாவா?"

"எதை வேணா."

அண்ணி கண்ணாடி முன்னால் நின்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார், திரும்பவும் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. அவருக்குத் தேர்ந்தெடுக்க வரவில்லை. எது ஆகாது என்று கழித்துக் கழித்தே பழகியவர். எது பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. என் நல்ல கையைப் பிடித்து இறுக்கினார், அதுவும் முறிந்துவிடும் போலிருந்தது.

"நீங்க பாருங்க, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு ஃபொஸ்தின் பின்னால் இருந்தவரைக் கவனித்தாள்.

குரோசானை வெளியே வாசலிலேயே கடித்தார். மொறுமொறுவென்று உடைந்து கோட்டெல்லாம் உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எப்படி இருக்கு என்று கேட்டேன். விரலில் ஒட்டியதையும் நக்கிவிட்டுக் கதவைத் திறந்து மறுபடி உள்ளே போனார்.

வழியில் டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்து, மத்தியானம் மார்செலினிடம் நடந்ததைச் சொன்னேன். மயங்கி விழுந்தார் என்ற இடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? மேசையில் இருந்த டார்டைப் பார்த்து, "வெண்ணெய் இல்லாம இது டார்டுன்னா, என் கடை சாசேஜெல்லாம் கேரட்டு" என்றான்.

"உனக்கு யாருடா குடுத்தா?" என்று அண்ணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர் அறைக்குப் போனபின் என்னிடம் கேட்டான்: "நெசமாவே இதயம் இல்லையே?"

"இல்ல."

"நல்லாத் தெரியுமா?"

"டாக்டரும் பார்த்தாச்சு. பசிதான்."

முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவனைக் காணோம். எங்கே போனான் என்பதை ஃபொஸ்தின் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. கடையின் வெள்ளை ஏப்ரனோடு, அதில் ரத்தக்கறையோடு, வீகன் பேக்கரி வரிசையில் போய் நின்றிருக்கிறான். முன்னால் நின்றவர்கள் தாமாகவே நகர்ந்து வழிவிட்டார்களாம்.

"நேத்து எங்க அக்கா வந்தாங்க," என்றானாம். "அவங்களுக்கு எது பிடிச்சுது?"

"பழுப்புக் கோட்டு போட்டவங்களா? அவங்க எல்லாத்தையும்தான் பார்த்தாங்க."

"அப்ப எல்லாத்துலயும் ஒண்ணு குடு."

இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். "வழியில இருந்துச்சு, வாங்கினேன்" என்றான். அந்தக் கடை எங்கள் வழியில் இல்லவே இல்லை. அண்ணி பெட்டியைத் திறந்து பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ஏன்டா, உன் தெருக் கடைக்காரங்க யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"பார்த்துட்டாங்க. மாவுக்கடை லுசியான் தெரு முழுக்கச் சிரிச்சான். நீ சாப்பிடு."

அண்ணி ஒரு மாதத்துக்கு மேல் தங்கினார். என் கட்டைப் பிரித்த பிறகும் போகவில்லை. கேட்டதற்கு, பிள்ளைகளுக்கு லீவு விடப் போறாங்க, வண்டி ஓடாது என்றார். அடுப்பில் ஒரு சட்டி அவருக்கென்று ஆயிற்று. அதில் காளானும் பருப்புமாக எதையாவது கொதிக்கவிடுவார். மார்செலின் வந்து மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடுவான். ஒரு நாள் கரண்டியோடு வந்தான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, ஃபொஸ்தின் சொன்ன ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சின்ன இடம், எல்லாமே வீகன். மெனு அட்டையை வாங்கிய அண்ணி மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். பரிமாறும் பெண் ஒரு முறை வந்து போனாள். மறுபடி வந்து போனாள்.

"அக்கா, நானே பசியில செத்துடுவேன் போலிருக்கு," என்றான் மார்செலின். "ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

"இருடா," என்றார் அண்ணி, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் இனிப்புப் பக்கம் படிக்கல."